இரண்டாவது முறை கேட்ட பூ

இன்று காலை மேல் அலமாரியை ஒழித்துத் துடைக்கும்போது, பின்வரிசையில் ஒரு சின்ன கண்ணாடி பாட்டில் கையில் தட்டுப்பட்டது. மூடி இறுகிப் போயிருந்தது. சேலைத் தலைப்பைச் சுற்றித் திருகித் திறந்தேன். அதிமதுரக் குச்சிகள். ஏழு வருடம் அடைபட்டுக் கிடந்தும் அந்த இனிப்பு நெடி அப்படியே இருந்தது. உன் தொண்டைக்கென்று நான் வாங்கி வைத்தது. பாதியை நீ மென்று தீர்த்தாய். மீதி இருக்கும்போதே அதற்கு வேலையில்லாமல் போய்விட்டது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் நாலு மாசம் ஆகிறது. இத்தனை நாள் சொல்லாத ஒன்றை இன்று எழுதியாவது வைக்கலாம் என்றுதான் இந்தத் தாள்.

நம் காம்பவுண்டின் கடைசி வீட்டுக்கு நீங்கள் குடி வந்த நாள் நினைவிருக்கிறது. திசையன்விளைப் பக்கமிருந்து ஒரு தகரப் பெட்டி, இரண்டு பாய், இடுப்பில் மகள். உன் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை, உனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். நல்ல தண்ணி வரும் நாளில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நீ பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தாய். உங்கள் சர்ச்சுப் பாட்டுத்தான். எனக்கு அதில் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் கையில் இருந்த குடம் நிறைந்து வழிந்தும் நான் நகரவில்லை.

உள்ளே போய் இவரிடம் சொன்னேன். "ஏனுங்க, கடைசி ஊட்டுப் புள்ள பாடுதுங்க. வந்து கேளுங்க."

இவர் பகலெல்லாம் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். லீவு நாளில் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஆர்கெஸ்ட்ரா. அப்போது செட்டில் பெண் குரலுக்கு ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். பல் விளக்கிக்கொண்டிருந்த பிரஷ்ஷோடு வந்து சுவரோரம் நின்றார். வாயில் நுரையோடு அவர் தலையாட்டியதைப் பார்த்து நீ பயந்தே போனாய். "மாஸ்டருக்கு என்னக்கா, வலிப்பா?" என்று கேட்டாயே. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை வருஷம் சிரித்திருப்போம்.

அப்புறம் உன் குரல் போகாத மண்டபம் இல்லை. காதுகுத்து, சீர், கல்யாணம், எங்கள் பக்கம் நோம்பி என்கிற கோயில் திருவிழா. அம்மன் பாட்டை நீ எடுத்தால் சாமி வந்து ஆடாத பெண்கள் குறைவு. ரிதம் வாசிக்கும் தம்பி உன்னைச் சீண்டுவான். "ஏனுங்கக்கா, சர்ச்சுல பாடிட்டு வந்து மாரியாத்தாளுக்கும் பாடறீங்களே, யேசப்பா கோவிச்சுக்க மாட்டாருங்களா?"

"அவரு காலைல கேப்பாரு, அம்மன் சாயந்தரம் கேப்பா. ஷிப்ட் போட்டுக் கேட்டுக்கிடட்டும்ல, உனக்கென்னடே?" என்பாய்.

புரோகிராம் தேதிகளை எழுதி வைப்பது என் வேலை. கட்டிங் மேசையில் நிற்கிறவரால் போனை எடுக்க முடியாது என்பதால் எல்லா அழைப்பும் என்னிடம்தான் வரும். நான் பள்ளிக்கூடம் போனது அஞ்சாவது வரைக்கும். மிச்சத்தை மளிகைப் பொட்டலத்தின் காகிதத்திலும் கோயில் சுவரிலும் எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஆனாலும் என் நோட்டில் ஒரு தேதி பிசகியதில்லை. "அக்கா நோட்டுல எழுதிட்டா கலெக்டரே வந்தாலும் மாத்த முடியாது" என்று நீ செட்டுக்காரர்களிடம் பெருமை பேசுவாய். அந்தப் பெருமையை நம்பித்தான் ஒரு நாள் மதியம் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாய்.

இரண்டு மாசமாக உன் குரல் காலையில் கரகரத்துக்கொண்டிருந்தது. பஞ்சுத் தூசி என்று நினைத்தோம். நீ யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் போயிருந்தாய்.

"தொண்டைக்குள்ள ரெண்டு பக்கமும் சின்னத் தடிப்பு வந்திருக்காம்க்கா. ஒரேயடியாப் பாடாம இருந்தா நல்லதுங்காரு. முடியாதுன்னேன். அப்பம் ஒரு புரோகிராமுக்கும் அடுத்ததுக்கும் பதினஞ்சு நாளாவது விடணும், இல்லன்னா குரல் ஒரேயடியாப் போயிரும்னு சொல்லிட்டாரு."

"மாஸ்டர்கிட்டச் சொல்லலாம் புள்ள."

"ஐயோ, வேண்டாம்க்கா. சொன்னா வேற ஆளு பாத்துருவாவ. நீங்கதான தேதி எழுதுதிய? நீங்களே தள்ளித் தள்ளிக் குடுத்துருங்க. எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது. எனக்குப் பதிலா நீங்க சொல்லிருங்க."

உன் குரலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் கையில் கொடுத்தாய். நானும் மூன்று மாசம் பார்த்துக்கொண்டேன். பதினஞ்சு நாளுக்குள் யார் கேட்டாலும், "அன்னிக்கு ஆகாதுங்க" என்று சொல்லிவிடுவேன். கடைக்குப் போய் இந்த அதிமதுரத்தையும் வாங்கி வந்தேன். கரகரப்பு குறைந்து வந்தது.

பிறகுதான் அந்தப் போன் வந்தது. ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் இருக்கும் என் பிறந்த ஊரிலிருந்து. கோயில் காரியம் பார்க்கிற பெரியவர்.

"ஏங் கண்ணு, நல்லாருக்கியா? நம்ம நோம்பிக்குப் பேசி வெச்சிருந்த செட்டு கடைசி நேரத்துல வரலீன்னுட்டாங்க. கம்பம் நட்டாச்சு. பாட்டில்லாம எப்படிச் சாமி நோம்பியக் கழிக்கறது? நம்மூருப் பொண்ணு நீ இருக்கறப்ப நாங்க ஏன் வெளிய தேடோணும்? உங்கூட்டுக்காரரு செட்டே வரட்டும்."

என்ன தேதி என்று கேட்டேன். சொன்னார். நோட்டைத் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை. அதே புதன்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணி வரை ஒரு கம்பெனி முதலாளி வீட்டுக் காதுகுத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். மாற்ற முடியாது, பத்திரிகையில் ஆர்கெஸ்ட்ரா என்று அச்சடித்தாகிவிட்டது. நோம்பி அன்று சாயந்தரம்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது என் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை உனக்குத் தெரியும். "மேடையேறிப் பொட்டி வாசிக்கறவனுக்கா நம்மூட்டுப் பொண்ணக் குடுக்கறது?" அப்பா குடுத்தார். அண்ணன் இருபது வருஷம் இவர் முகம் பார்த்துப் பேசியதில்லை. எத்தனையோ ஊர் நோம்பியில் நம் செட் பாடியிருக்கிறது, என் ஊரில் மட்டும் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் மாவிளக்கு எடுக்கப் போவேன். அந்த மேடையில் வேறு யாரோ வாசிப்பார்கள். இவர் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டுவிட்டு, "நல்லாத்தான் வாசிக்கறாங்க" என்பார்.

பெரியவரிடம் "ஆகாதுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் குளித்துவிட்டு நம் வீதி அம்மன் கோயிலுக்குப் போனேன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். மனசு ரெண்டுபட்டு நிற்கிற எந்தக் காரியத்துக்கும் பூக் கேட்போம். பூசாரி ஒரு இலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டையும் இன்னொன்றில் செவ்வரளியும் வைத்து, வெளியே தெரியாமல் ஒன்றுபோலக் கட்டி அம்மன் காலடியில் போடுவார். அதில் ஒன்றை அவரே எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். வீடு கட்டுவதும் கல்யாணம் முடிப்பதும் இப்படித்தான். வந்த பூவுக்கு மேலே பேச்சில்லை.

கண்ணை மூடிக்கொண்டேன். 'தாயே, இந்தப் புள்ள ஒரே நாளில் ரெண்டு கச்சேரி பாடலாமா?' என்று கேட்டேன். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

அத்தோடு கும்பிட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். நான் அங்கேயே நின்றேன்.

"சாமி, இன்னொருக்காக் கேக்கோணுமுங்க."

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தாம்மா கேக்கறது."

"இது வேற காரியமுங்க."

அவர் நம்பினார். நாற்பது நாள் விரதம் தப்பாதவள், வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவள், சாமி முன்னால் நின்று பொய் சொல்வாள் என்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்? முழுப் பொய்யும் இல்லை அது. நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். 'தாயே, எங்க செட்டு உன் நோம்பியில பாடட்டுமா?' என்று கேட்டேன். அதில் நீ இல்லை. உன் தொண்டை இல்லை. காலைக் கச்சேரி இல்லை. எந்த அம்மன்தான் தன் நோம்பிக்குப் பாட்டு வேண்டாம் என்பாள்?

வெள்ளை வந்தது.

அந்தப் பூவை முந்தானையில் முடிந்துகொண்டு நேராக உன் வீட்டுக்குத்தான் வந்தேன். நீ சோற்றை வடித்துக்கொண்டிருந்தாய். விஷயத்தைச் சொன்னதும் வடிதட்டைக் கீழே வைத்தாய்.

"அக்கா... டாக்டரு சொன்னது..."

"தெரியும் புள்ள. அதனாலதான் போய்ப் பூக் கேட்டேன். வெள்ளப் பூ வந்துது."

"ஒரே நாள்ல ரெண்டு பாடலாமான்னா கேட்டிய?"

"ஆமா."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். கழுத்தில் சிலுவை போட்ட நீ, என் சாமியின் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

"அப்பம் சரிக்கா. உங்க அம்மன் சொல்லிட்டா எனக்கு ஒண்ணும் ஆவாது. உங்க ஊருல்லா, பாடாம இருப்பனா?"

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: 'சாயந்தரம், எங்கள் ஊர் நோம்பி. பூக் கேட்டது, வெள்ளை.' முதல் பூவை எழுதவில்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் மண்டபத்தில் நீ அளந்துதான் பாடினாய். உயரப் போகும் இடங்களை எல்லாம் ஆண் குரலுக்குத் தள்ளிவிட்டாய். அதற்குள் முதலாளி வீட்டு அம்மா மேடைக்கு வந்து, "இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டார். உனக்குத்தான் மாட்டேன் என்று சொல்ல வராதே. உனக்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவள் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு முடிய வேண்டியது இரண்டரைக்கு முடிந்தது.

ஸ்பீக்கர் பெட்டிகளோடு டெம்போவில் ஏறினோம். வெயில் தகரத்தைப் பிளந்தது. நீ பேசவே இல்லை. மென்று மென்று அதிமதுரக் குச்சி நார் நாராகிவிட்டது. "என்ன புள்ள?" என்றேன். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்றாய். அப்போதுகூட நான் வண்டியை நிறுத்தியிருக்கலாம். "ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு ஆகாதுங்க, ஊட்டுக்குத் திருப்புங்க" என்று ஒரு சொல். இவர் திருப்பியிருப்பார். நான் பட்டுச் சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

ஊரில் முதல் பாட்டை நீ எடுத்தது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்படி நீ அதற்கு முன்னால் பாடியதில்லை. மாவிளக்குத் தட்டோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். பலகாரக் கடைக்காரர் வாணலியை இறக்கி வைத்தார். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற என் அண்ணன், கட்டிய கையை அவிழ்த்துக் கும்பிட்டார். இவர் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து என்னைத் தேடிப் பார்த்தார். இருபது வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் சிவப்புப் பூ என் நினைவிலேயே இல்லை.

ஆறாவது பாட்டில் உயரே போனாய். நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். உன் குரல் அறுந்தது, பாட்டு நிற்கவில்லை. இவர் வாசித்துக்கொண்டே இருந்தார், ரிதம் ஓடிக்கொண்டே இருந்தது. மைக் முன்னால் உன் வாய் மட்டும் அசைந்தது. வெறும் காற்று வந்தது.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "ஏனுங்கம்மணி, கரண்டு போச்சுங்களா?"

சிரித்தார்கள். என் ஊர்க்காரர்கள்தான்.

இவர் சுருதியை இரண்டு கட்டை இறக்கினார், பிறகு இன்னும் ஒன்று இறக்கினார். ஆண் குரல் பாட்டை வாங்கிக்கொண்டது. நான் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தேன். உன்னைக் கீழே இறங்கச் சொன்னேன். என் காதருகே வந்து, ஊதுகிற மாதிரி சொன்னாய். "உங்க ஊருக்கா. பாதில போனா உங்களுக்குத்தான கேவலம்." திரும்பவும் ஏறிக் கீழ்க்குரலில் இழுத்து இழுத்து இரண்டு பாட்டு முடித்தாய்.

இறங்கி வரும்போது அண்ணன் என்னிடம் வந்தார். "இதுக்குத்தாங் கண்ணு, நல்ல செட்டாப் பாத்துக் கூப்படோணும்னு அப்பவே சொன்னேன்" என்றார்.

பிறகு ஒரு மாசம் நீ எழுதிக் காட்டித்தான் பேசினாய். டாக்டரிடம் நானும் கூட வந்தேன். அவர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள ரத்தம் கட்டியிருக்கு. ஒரே நாள்ல ரெண்டு கச்சேரியா? யாரும்மா ஒத்துக்கச் சொன்னது?" என்று சத்தம் போட்டார். நீ அந்தக் காற்றுக் குரலில், "சாமி உத்தரவு டாக்டர்" என்றாய். அவர் சிரித்துவிட்டார். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

பேச்சு திரும்பியது. பாட்டு திரும்பவில்லை. செட்டுக்கு வேறு ஒரு பெண் வந்தாள், நன்றாகத்தான் பாடுகிறாள். நீ செக்கிங் மேசையில் வாயைத் திறக்காமல் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தாய். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு என்னை உங்கள் சர்ச்சுக்குக் கூட்டிப் போனாயே. பாடகர் வரிசையில் எப்போதும் நீ நிற்கும் இடத்தில் வேறொருத்தி நின்றாள். நீ கடைசி பெஞ்சில் என் பக்கத்தில். எல்லோரும் எழுந்து பாடினார்கள். நீயும் எழுந்தாய். வாய் அசைந்தது. நான் தோளோடு தோளாக நின்றும் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. என் ஊர் நோம்பிக்காக உன் சாமிக்கும் பாட்டு இல்லாமல் செய்துவிட்டேன்.

அன்றே சொல்லிவிடத்தான் நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சொன்னாய்: "நான் வருத்தப்படலக்கா. அம்மன் கேட்டா, குடுத்துட்டேன். உத்தரவு குடுத்துத்தான வாங்கிக்கிட்டா? சும்மாவா போச்சு?"

அதற்கு மேல் எப்படிச் சொல்வேன்? உன் குரல் போனதற்கு நீ ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டிருந்தாய். உண்மையைச் சொன்னால் அந்த அர்த்தமும் போய்விடும். உன்னிடம் மிச்சம் இருந்ததையும் பிடுங்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். உனக்காகத்தான் மூடிக்கொண்டேன் என்று ஆறு வருஷமாக எனக்கே சொல்லி வந்தேன். இன்று எழுதும்போது அதுவும் பாதிதான் உண்மை என்று தெரிகிறது. நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயம்தான் மறு பாதி.

போன ஐப்பசியில் உனக்கு மூச்சு வாங்கியது. இருதயம் வீங்கிப்போச்சு என்றார்கள். தொண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம், டாக்டரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் மதியம் உன் மகள் சாப்பாடு வாங்க வெளியே போயிருந்தாள். நீ கண்ணை மூடியிருந்தாய், தூங்குகிறாய் என்று நினைத்தேன்.

"அக்கா."

"என்ன கண்ணு?"

"அன்னிக்கு நீங்க ஒரு தடவதான பூக் கேட்டிய?"

பூசாரி சொன்னாரா, அன்று கோயிலில் நின்ற யாராவது சொன்னார்களா, அல்லது இத்தனை வருஷம் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாயா? உன் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கோபம் இல்லை. எந்தப் பதிலை நீ வேண்டி நின்றாய் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

"ஆமா புள்ள. ஒருக்காத்தான்" என்றேன்.

"அப்பம் சரி" என்றாய். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

இரண்டாம் நாள் போய்விட்டாய்.

ஒரு தடவை இல்லை. இரண்டு தடவை கேட்டேன். முதலில் வந்தது சிவப்பு. இதை நீ இருக்கும்போது உன் படுக்கையோரம் சொல்லியிருக்க வேண்டும். நீ திட்டியிருப்பாய், அல்லது அந்தக் கரகரத்த குரலில் சிரித்திருப்பாய், அல்லது சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பாய். எதுவாக இருந்தாலும் அது எனக்கு வர வேண்டியதுதான். அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது என் மகனுக்கு ஒரு பொண்ணின் ஜாதகம் பொருந்தி வந்திருக்கிறது. எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. பூக் கேட்டுவிட்டுச் சொல்லி அனுப்பலாம் என்று இவர் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "நீ போய்க் கேளு, உன் பக்திக்கு அம்மன் பொய் சொல்ல மாட்டா" என்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். விளக்குப் போடுகிறேன், கும்பிடுகிறேன். பூசாரி இலைத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "கேக்கலாங்களா?" என்று பார்க்கிறார். "அடுத்த வாரம் சாமி" என்று வந்துவிடுகிறேன்.

அம்மன் மேல் எனக்குச் சந்தேகமில்லை. அவள் அன்றே ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பொண்ணை எனக்கும் மிகவும் பிடித்துப்போய்விட்டது, அதுதான் பயம். சிவப்பு வந்தால் நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேனா, அங்கேயே நிற்பேனா? தெரியவில்லை, கண்ணு.